கொக்கி

பதக்கம் அணிவிப்பது பெரியவர்களின் வேலை.
அது கீழே விழாமலிருப்பது என் வேலை.

கோலாலம்பூர் இன்னும் விடியாத ஐந்தரைக்கே
பக்க அறையில் வரிசையாக நிறுத்திவிடுவார்கள்.
இடது மார்பு, தோள் எலும்பிலிருந்து ஐந்து விரல் கீழே
ஒரு சின்னப் பித்தளைக் கொக்கி.
மேடையில் நாடாவின் வளையத்தை
அதில் மாட்டினால் போதும்.
மாட்சிமை பொருந்திய விரல்கள்
ஊசியோடு மல்லுக்கட்டக் கூடாது.

பாஜு மெலாயுவில் எளிது, கோட்டில் அதைவிட.
சேலையில்தான் சங்கடம்.
முந்தானை மடிப்பு ஏழையும் சேர்த்துக் குத்தினால் நிற்கும்.
ஆறோடு விட்டால்
நாட்டின் நன்றி சற்றே தலைசாயும்.

பதினாறு வருஷம்.
டத்தோ ஆகப்போகிறவர்களின் இதயம்
துணிக்கடியில் அடிப்பது என் கட்டைவிரலுக்குத் தெரியும்.
ஒருவருக்கு விக்கல் நிற்கவேயில்லை.
ஒருவர் சொன்னார், "இன்னும் கொஞ்சம் மேல வைம்மா,
போட்டோல தெரியணும்."

அன்று நூற்றுப் பதினெட்டுக் கொக்கிகள்.
எண்பத்தேழாவது, அமிர்தகௌரி.
ஜெனரல் ஆஸ்பத்திரிப் பிணவறையில்
கேட்பாரற்ற பெண்களைக்
குளிப்பாட்டி அனுப்புகிறவர், முப்பத்தொரு வருஷமாக.
இருப்பதிலேயே கீழ்ப்படிப் பதக்கம்.
பெண்களுக்கென்று நாடாவைப் பூமுடிச்சாகக் கட்டியிருந்தார்கள்.
மஸ்ஜித் இந்தியாவில் எடுத்த கரும்பச்சைச் சேலை,
ஓரத்தில் விலைச்சீட்டின் பிசின் போகவில்லை.

நான் மடிப்பை எண்ணும்போது கேட்டார்:
"பேர முழுசாவா படிப்பாங்க?"
முழுசாகத்தான்.
"அந்தாளு பேரும் வருமா?"

ஊசி என் வாயில் இருந்தது.
தலையை மட்டும் ஆட்டினேன்.

"எனக்கு நாலு வயசு.
ரொட்டி வாங்கியாறேன்னு செந்தூல்ல எறங்கிப் போனாரு.
அம்பத்துநாலு வருஷமா வாங்கிக்கிட்டு இருக்காரு.
ஐசி, சம்பளச் சீட்டு, வீட்டு லோன்,
எல்லாத்துலயும் ஏறி உக்காந்தாச்சு.
இதுலயுமா?"

பிறகு என்னிடம் அல்ல, கொக்கியிடம் சொல்வதுபோல:
"அங்க வர்ற பொண்ணுங்களுக்குக்
கால்ல நம்பர் மட்டும்தான் கட்டியிருக்கும்.
தண்ணி ஊத்தும்போது ஒரு பேர் சொல்லிக் கூப்புடுவேன்.
பொன்னி, மேரி, ஆமினா, வாயில வர்றது.
இன்னாரு மகன்னு நான் கேட்டதில்ல."

அறிவிப்புத்தாள் என் கையில் இல்லை.
ஏழு மடிப்பையும் சேர்த்து அழுத்திக் குத்தினேன்.

ஒத்திகையில் சொல்லிக்கொடுத்தது இது:
முழுப்பெயரும் முடிந்த பிறகே முதல் அடி.
வலது கால். பார்வை தரையில்.

திரையோரம் நின்று பார்க்கிறேன்.
ஒலிபெருக்கி "அமிர்தகௌரி" என்றது.
கிளம்பிவிட்டார்.

"அனாக் பெரெம்புவான்" என்று குரல் பின்னால் வந்து,
"சிங்காரம்" வந்து சேர்ந்தபோது
அங்கே கம்பளம் மட்டும் இருந்தது.
கம்பளம் வாங்கிக்கொண்டது.

சடங்கதிகாரியின் புருவம் ஏறியது.
எண்பத்தெட்டாமவர் குழம்பி இடது காலை வைத்தார்.
மேடையில் நாடா நேராகத் தொங்கியது;
நான் பார்க்கவேண்டியது அதைத்தான்,
அதையும் பார்த்தேன்.

மதியம் கொக்கிகளைத் திரும்ப வாங்கும் நேரம்.
மைலோ டின்னில் ஒவ்வொன்றாக விழும்.
பெரிய படிக்காரர்கள் டிரைவரிடம் கொடுத்தனுப்புவார்கள்.
அவர் தானே வந்தார்.
பதக்கம் பெட்டியில், பெட்டி பிளாஸ்டிக் பையில்,
அதே பையில் விருந்திலிருந்து இரண்டு கறிபாப்.
"ஏழு மணிக்கு ஷிப்ட்டு."

கழற்றினேன். சேலையில் ஊசிமுனை அளவு இரண்டு ஓட்டை.
"தொவைச்சா மூடிக்கும்," என்றேன்.
"மூடாட்டியும் பரவால்ல."

எண்ணிப் பார்த்தால் நூற்றுப் பதினாறு.
இரண்டு, எவர் மார்போடு போயிற்றோ.
பாரத்தில் 'காணவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
கீழே முழுப்பெயர் கேட்டிருந்தது.

என் அப்பா நல்ல மனிதர், ரொட்டியோடு திரும்பி வந்தவர்.
இருந்தும் அன்று
என் பெயரோடு பேனாவை மூடிவிட்டேன்.

வியாழக்கிழமை பாரம் திரும்பி வந்தது,
காலியிடத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டத்துடன்.